அளவு ஜாக்கெட்

ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க ஜாக்கெட்டு தோள்ல அரை இஞ்சு எறங்கியிருக்குது. குன்னத்தூர்ல நீங்க ஏறி உக்காந்ததுல இருந்து அதையே பாத்துட்டு வரனுங்க. சொல்லாம இருக்கலாம்னுதான் பாத்தேன், முடியல. இருவத்தி மூணு வருசமா இதே வேலை. ஒருத்தரப் பாத்தா எனக்கு மொதல்ல அளவுதான் தெரியும், மூஞ்சி அப்பறம்தான் தெரியும். என்ற பேரு சாந்தாமணிங்க. கோபில பஸ் ஸ்டேண்டுக்குப் பின்னால லேடீஸ் டெய்லர் கடை வெச்சிருக்கறேன்.

இந்தப் பையிங்களா? இதுல ஒரே ஒரு ஜாக்கெட்டுதான் இருக்குது. ஒரு புள்ளகிட்டக் குடுக்கோணும். குடுத்துப்போட்டு ஒரு விசயமும் சொல்லோணும். இதோட நாலாவது தடவ போறனுங்க. மூணு தடவையும் போயி, காப்பி குடிச்சுப்போட்டு, ஊர்க்கத பேசிப்போட்டு, பையத் தொறக்காமயே திரும்பக் கொண்டாந்துட்டேன். நீங்க எங்க எறங்கறீங்க? காந்திபுரமுங்களா? நான் அதுக்கு முன்னால, ஹோப்ஸ்ல. அப்ப நேரமிருக்குது. சொல்றேன், கேளுங்க. ஒருக்கா வாய்விட்டுச் சொல்லிப் பழகிட்டா அங்க போயிச் சொல்ல வந்துரும்ல.

கோகிலவாணின்னு பேருங்க அவளுக்கு. பாவாட சட்ட போட்ட நாள்ல இருந்து என்ற கடைலதான் துணி. காலேஜ் ஆபீஸ்ல வேலைக்குப் போயிட்டிருந்தா. கெட்டிக்காரி, அதிகம் பேச மாட்டா. ஒல்லியான ஒடம்பு. போன வருசத்துக்கு மொத வருசம் தை மாசம் அவளுக்கு நிச்சயதார்த்தம் வெச்சாங்க. ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்க வந்தா.

எங்க கடைல எப்படின்னா, நான் டேப்பப் புடிச்சு நெம்பரச் சத்தமாச் சொல்லுவேன், தையல் மிசின்ல உக்காந்திருக்கற ருக்மணி நோட்டுல எழுதிக்குவா. எல்லாருக்கும் அப்படித்தான். அன்னிக்கு ரெண்டு பொம்பளைங்க ஹூக் வெக்கறதுக்காகக் காத்துட்டு உக்காந்திருந்தாங்க. நான் பாட்டுக்கு "மாரு முப்பது"ன்னு சொன்னேன். ருக்மணி "இருவத்தெட்டுங்களா முப்பதுங்களா?"ன்னு கேட்டா. நான் சிரிச்சுட்டே, "முப்பதுன்னே எழுதிக்க, பாவம், கல்யாணப் பொண்ணு"ன்னேன். உக்காந்திருந்தவங்களும் சிரிச்சாங்க. கோகிலாவும் சிரிச்சாளுங்க. சிரிச்சதாத்தான் எனக்கு நெனப்பு.

அப்பறம் எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. பாசம் இல்லாமயா சொல்வேன்? அதனாலதான் அவகிட்டக் கேக்காமயே அந்த ஜாக்கெட்டுல கப்பு வெச்சேன். கப்புன்னா தெரியுமில்லீங்க, பஞ்சு. லைனிங்குக்கும் மேல்துணிக்கும் நடுவால வெச்சுத் தெச்சுருவோம், கழட்ட முடியாது. சின்னதா வெச்சிருக்கலாம். கொஞ்சம் தாராளமாத்தான் வெச்சேன். நிச்சயத்தன்னிக்குப் பாக்கோணுமே! சொந்தக்காரங்க அத்தன பேரும், "யாரு தெச்சது, யாரு தெச்சது"ன்னு கேட்டாங்களாம். கோகிலா கடைக்கு வந்து, "அக்கா, போட்டோல நானான்னே தெரியல"ன்னா. நான் அதப் பாராட்டுன்னு எடுத்துக்கிட்டேன்.

சரி, அதோட போயிருந்தா ஒண்ணுமில்லீங்க.

எங்க பக்கம் மொகூர்த்தப் பொடவையும் மத்த பொடவையும் மாப்பள ஊடுதான் எடுக்கறது. ஜாக்கெட்டும் அவங்களே தெச்சு, பொடவையோட தட்டுல வெச்சுக் கொண்டாருவாங்க. அதுக்குப் பொண்ணு ஊட்டுல இருந்து அளவு ஜாக்கெட்டுன்னு ஒண்ணு போகோணும். மாப்பள ஊடு பெருந்துறை. கோகிலாவோட அம்மா ராஜாமணியக்கா ரெண்டு ஜாக்கெட்டோட கடைக்கு வந்து, எத அனுப்பறதுன்னு கேட்டாங்க. ஒண்ணு பழசு, அக்குள்ல வெளுத்துப் போனது, ஆனா அளவு கச்சிதம். இன்னொண்ணு நிச்சயத்து ஜாக்கெட்டு.

நான் என்ன சொன்னேன்னு நெனைக்கறீங்க? "பழசையாக்கா அனுப்புவீங்க, மானம் போயிரும். இதையே அனுப்புங்க"ன்னு நிச்சயத்து ஜாக்கெட்டத்தான் எடுத்துக் குடுத்தேன்.

கப்பு இருக்கறத மறந்துட்டேன்னு சொல்லலாமுங்க. ராஜாமணியக்காகிட்ட அப்படிச் சொன்னா நம்பிக்குவாங்க. உங்ககிட்ட எதுக்குப் பொய்? பெருந்துறைல ஒரு டெய்லர் இருக்கறா, பெரிய கடை, கண்ணாடிக் கதவெல்லாம் போட்டது. அவ என்ற கைவேலையப் பாக்கட்டும்னுதான் அனுப்புனேன். கழுத்துப்பட்டி திருப்புனது, டாட் மடிப்பு புடிச்சது, எல்லாத்தையும் பாத்து அவ வாயப் பொளக்கட்டும்னு. அந்த நேரத்துல அது கோகிலாவோட அளவுன்னே எனக்குத் தோணல, என்ற தையலுன்னுதான் தோணுச்சு.

அளவெடுத்துட்டு, பத்து நாள்ல ஜாக்கெட்டத் திருப்பி அனுப்பிட்டாங்க. கூடவே நாத்தனார்க்காரி சசிரேகா கோகிலாவுக்குப் போன் பண்ணியிருக்கறா. நல்ல புள்ளதான் அவ, சும்மா ஆசையாப் பேசியிருக்கறா. "அண்ணி, உங்க அளவும் என்ற அளவும் ஒண்ணுதான், முப்பத்திநாலு. கல்யாணத்துக்கப்பறம் ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போட்டுக்கலாம்"னு.

அன்னிக்கு மத்தியானம் கோகிலா கடைக்கு வந்தா. ருக்மணி சாப்பிடப் போயிருந்தா. வந்து ஸ்டூல்ல உக்காந்து கேட்டா.

"எதுக்குக்கா அதக் குடுத்தீங்க?"

"எல்லாரும் வெக்கறதுதான் கண்ணு. ஊர்ல பாதிப் பேரு கப்புலதான் சுத்தறாங்க."

"அவங்க ஊடு பூரா முப்பத்திநாலுன்னு நெனச்சுட்டிருக்கறாங்க. நாளைக்கு அங்க போயி நான் எப்படி நிப்பேன்?"

நான், "போடி, இதுக்குப் போயி"ன்னு சொல்லி டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டேன். கேட்டுக்கங்க, அன்னிக்கே பெருந்துறைக்கு ஒரு போன் போட்டு, "அம்மா, அதுல கப்பு வெச்சிருக்கறேன், நாலு இஞ்சு கொறச்சு வெட்டுங்க"ன்னு சொல்லியிருக்கலாம். அரை நிமிசப் பேச்சு. அந்தக் கண்ணாடிக் கடைக்காரி சிரிப்பாளேன்னு சொல்லாம வுட்டேன்.

அதுக்கப்பறம் கோகிலா போன்ல என்னத்தையோ படிச்சுட்டே இருந்தா. மாசி முடியறப்ப ஒரு நாள், "அக்கா, கோயமுத்தூர்ல ஒரு டாக்டரப் பாக்கோணும். கூட வாங்க"ன்னா. எதுக்குன்னு கேட்டேன். சொன்னா. எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆச்சுங்க. ஆப்பரேசன் பண்ணி, உள்ளார சிலிக்கான் பை வெச்சு மாரப் பெருசு பண்ணிக்கறதாம். அப்படியொண்ணு இருக்குதுன்னு கேள்விப்பட்டிருக்கறேன், நடிகைங்க பண்ணுவாங்கன்னு. நம்ம ஊரு ராஜாமணியக்கா மவ பண்ணுவாளா? அம்மாகிட்டச் சொல்லலியான்னேன். "உங்களுக்குத்தானக்கா என்ற அளவு தெரியும், வேற யாரக் கூப்பிடறது?"ன்னா.

பங்குனில போனமுங்க. டாக்டரம்மாவுக்கு என்ற வயசுதான் இருக்கும். கண்ணாடி போட்டு, அமைதியாப் பேசற ஆளு. கோகிலா போன்ல எழுதி வெச்சிருந்த கேள்வியெல்லாம் ஒண்ணொண்ணாக் கேட்டா. அவ்வளவு கேள்விய அவ வாயில நான் அதுக்கு முன்னாலயும் கேட்டதில்ல, பின்னாலயும் கேட்டதில்ல.

"வலிக்குமா மேடம்?"

"வலிக்கும்மா. முதல் நாலஞ்சு நாள் நல்லாவே இருக்கும். மாத்திரையில அடங்கும். கையைத் தலைக்கு மேல தூக்க முடியாது. ஆறு வாரத்துக்கு வெயிட் எதுவும் தூக்கக் கூடாது."

"ஒருக்கா பண்ணிட்டா ஆயுசு பூரா இருக்குமுங்களா?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். பத்து வருஷமோ, பதினஞ்சோ, அதுக்கு மேலயோ. ஒரு நாள் மாத்தவோ எடுக்கவோ வேண்டி வரலாம். சிலருக்கு உள்ளே சுத்தி இறுகிப் போகும். அப்பப்போ வந்து காட்டிக்கணும், ஸ்கேன் பார்க்கணும்."

தழும்பு தெரியுமான்னு கேட்டா. மடிப்புக்குள்ள கோடு மாதிரி இருக்கும், நாளாக ஆக மங்கும், ஆனா போகாதுன்னாங்க. தொட்டா தெரியுமான்னு கேட்டா. அதக் கேக்கறப்ப என்னைத் திரும்பிப் பாத்துட்டுத்தான் கேட்டா. கொஞ்ச நாள் மரத்துப் போன மாதிரி இருக்கும், நிறையப் பேருக்குத் திரும்பி வந்துரும், சிலருக்கு முழுசா வராதுன்னாங்க. புற்றுநோய் பரிசோதனை பண்ண முடியுமான்னு கேட்டா. முடியும், உள்ளே வெச்சிருக்குன்னு முன்னாடியே சொல்லிரணும்னாங்க. அப்பறம் கொரலக் கொறச்சு, "கொழந்தைக்குப் பால் குடுக்கலாமா?"ன்னு கேட்டா.

"நிறையப் பேர் கொடுக்கறாங்க. ஆனா உன்னால கண்டிப்பா முடியும்னு நான் எழுதிக் கொடுக்க முடியாது."

எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டு டாக்டரம்மா, "எந்த அளவுக்கு வேணும்னு நினைக்கறே?"ன்னாங்க.

கோகிலா பையத் தொறந்து நிச்சயத்து ஜாக்கெட்ட எடுத்து மேசை மேல வெச்சா. "இதுக்குச் சரியா வரோணும் மேடம்."

எனக்கு அங்கயே தலைய எங்க வெக்கறதுன்னு தெரியலீங்க. டாக்டரம்மா அத எடுத்து உள்பக்கம் திருப்புனாங்க. கப்ப வெரல்ல அமுக்கிப் பாத்தாங்க. "ஜாக்கெட்டை ஆளுக்குத் தகுந்த மாதிரி தைப்பாங்கம்மா. நீ ஜாக்கெட்டுக்குத் தகுந்த மாதிரி ஆளைக் கேக்கறே"ன்னாங்க. அப்பறம் தையல ஒருக்கா தடவிப் பாத்து, "யார் தைச்சது? வேலை ரொம்பச் சுத்தமா இருக்கே"ன்னாங்க.

சொன்னா என்னைக் காறித் துப்புவீங்க. அந்த நேரத்துலயும் எனக்கு உள்ளுக்குள்ள குளுந்துச்சுங்க. கோயமுத்தூர் டாக்டரு, கத்தி புடிச்சு ஆளையே தெக்கறவங்க, என்ற தையலச் சுத்தம்ங்கறாங்க. 'நாந்தானுங்க'ன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு.

கோகிலா, "எங்க ஊர்ல ஒரு டெய்லர்"னா. அவ்வளவுதான் சொன்னா. பக்கத்துல உக்காந்திருக்கறவள அவ காட்டிக் குடுக்கல. நானும் வாயத் தொறக்கல. டாக்டரம்மா, "யாராவது கட்டாயப்படுத்தறாங்களா?"ன்னு கேட்டாங்க. "இல்லீங்க மேடம், நானாத்தான்"னா. இந்த அளவுக்குத்தான் வரும்னு நூல் புடிச்ச மாதிரிச் சொல்ல முடியாதுன்னாங்க. ஒரு மாசம் ரோசிச்சுட்டு, கட்டிக்கப் போறவர்கிட்டயும் பேசிட்டு வான்னு சொல்லி அனுப்புனாங்க. நல்ல மனுசிங்க அந்தம்மா. அவங்க மேல ஒரு குத்தமும் இல்ல.

அந்த ஒரு மாசந்தானுங்க என்னைப் போட்டு அறுக்குது. அந்த மாசத்துல மூணு தடவ கடைக்கு வந்தா. மூணு தடவையும் ஒரே கேள்வி. "நீங்க என்னக்கா சொல்றீங்க?"

வேண்டான்னு சொல்லியிருந்தா கேட்டிருப்பாளுங்க. 'தட்டுல வர்ற ஜாக்கெட்டு அத்தனையும் நான் ஒரே நாள்ல புடிச்சுத் தெச்சுத் தர்றேன், ஒருத்தருக்கும் தெரியாது, பேசாம இரு'ன்னு ஒரு வார்த்த. அதச் சொன்னா மொதல்ல நான் பண்ணுனது தப்புன்னு ஒத்துக்கோணும். எப்படியும் ஒரு நாள் அது பெருந்துறைக்காரி காதுக்கும் போயிரும். கல்யாணப் பொண்ணுக்குத் தப்பான அளவு அனுப்புனவன்னு பேராயிரும். டெய்லருக்கு அதுக்கு மேல என்ன கேவலமுங்க? அதனால, "உன்ற ஒடம்பு கண்ணு, உன்ற இஷ்டம்"னேன். பெரிய நியாயக்காரியாட்டம்.

வைகாசில பண்ணிக்கிட்டா. ஊட்டுல ஆபீஸ் டிரெய்னிங்குன்னு சொல்லிட்டு வந்தா. மாப்பளகிட்ட ஒண்ணும் சொல்லல. அவ சேத்து வெச்ச காசு. ஆஸ்பத்திரில கூட இருக்கறவங்க பேரு கேட்டப்ப, "பெரியம்மா"ன்னு சொல்லி நான் கையெழுத்துப் போட்டேன். அப்பறம் பக்கத்துலயே ஒரு ரூம் எடுத்து ஒரு வாரம் கூட இருந்தேன். கையத் தூக்க முடியாது பாருங்க, தலை சீவி வுட்டது நான், ஜடை போட்டது நான், சட்ட மாட்டி வுட்டது நான். வலில முனகுவா, ஆனா அழுக மாட்டா. ஒரு நாள் சாயங்காலம், "அக்கா, தொட்டாத் தெரியலக்கா"ன்னா. "வந்துரும் கண்ணு, டாக்டரம்மா சொன்னாங்கல்ல"ன்னேன். வந்துச்சா வல்லியான்னு இன்னிக்கு வரைக்கும் நான் கேக்கல. கேக்க எனக்கு வாய் இல்லீங்க.

அவிநாசி தாண்டிருச்சுங்களா? தாண்டிருச்சு.

ஆவணில கல்யாணம். பத்து நாளைக்கு முன்னால பெருந்துறைல இருந்து ஏழு ஜாக்கெட்டு வந்துச்சு, போட்டுப் பாத்துக்கங்கன்னு. கோகிலா என்ற கடைலதான் போட்டுப் பாத்தா. திரைக்கு அக்கட்டால போயி ரொம்ப நேரமாச்சு. என்ன கண்ணுன்னு கேட்டுட்டு உள்ள போனா, ஹூக் மாட்ட முடியாம நிக்கறா. ஏழும் புடிக்குது. டாக்டரம்மா சொன்னாங்கல்ல, நூல் புடிச்ச மாதிரி வராதுன்னு. முப்பத்திநாலத் தாண்டிருச்சு, முப்பத்தஞ்சரை. கண்ணாடியப் பாத்துட்டு, "இப்பவும் சரியா வல்லியேக்கா"ன்னு சிரிச்சா. இந்தச் சிரிப்பு சிரிப்பில்லன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு. மொதல்ல அளவெடுத்தப்பவும் இதே மாதிரிதான் சிரிச்சா.

"வெச்சுட்டுப் போ, நான் பிரிச்சுத் தெக்கறேன்"னேன். அன்னிக்கே ஏழையும் எடுத்து வெச்சுப் பிரிக்க உக்காந்தேன். எந்த வேலையச் செஞ்சு தர்றேன்னு சொல்லாம இருந்தனோ, அதே வேலை. பெருந்துறைக்காரி நல்ல டெய்லருங்க, ஒத்துக்கறேன். பக்கத்துல தாராளமாத் துணி வுட்டிருந்தா, பிரிக்கறதுக்குச் சுளுவா இருந்துச்சு. மொத ஜாக்கெட்ட உள்பக்கம் திருப்புனேன். தையலுக்கு உள்ளார, ரெண்டு பக்கமும், வெள்ளைச் சாக்பீஸ்ல ஒரு கோடு. எதுக்கு இந்தக் கோடுன்னு டேப்ப வெச்சு அளந்தேன்.

முப்பதுங்க.

ரெண்டாவதுலயும் அதே கோடு. மூணாவதுலயும். ஏழுலயும்.

புரியுதுங்களா உங்களுக்கு? பெருந்துறைக்காரி கண்டுபுடிச்சுட்டா. அளவு ஜாக்கெட்டு கைக்குப் போன ஒடனே திருப்பிப் பாத்து, கப்புன்னு தெரிஞ்சு, அதக் கழிச்சு அளவு பாத்துட்டா. தெரிஞ்சுட்டு, அனுப்புன அளவுக்குத் தெச்சு, பொண்ணோட நெஜ அளவுக்கு உள்ளார ஒரு கோடும் போட்டு வெச்சிருக்கறா. பொண்ணு சங்கடப்படாம, அந்தக் கோட்டு மேலயே ஒரு தையல் ஓட்டிப் போட்டுக்கட்டும்னு. ஒரு வார்த்த பேசாமச் சொல்லியிருக்கறா. டெய்லருக்கு டெய்லர் எழுதுன கடுதாசியாட்டம் இருந்துச்சு அது. என்னைப் பாத்துச் சிரிப்பான்னு நான் நெனச்சது இவளத்தான். மாமியாக்காரம்மாவுக்கும் அவ சொல்லியிருப்பா, அந்தம்மாவும் பெருசா எடுத்துக்கல போல, சசிரேகாகிட்டக் கூடச் சொல்லல. யாருக்கு எது தெரியக் கூடாதுன்னு அந்தப் புள்ள கத்திக்குக் கீழ படுத்தாளோ, அது பங்குனிக்கு முன்னாலயே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சும் ஒண்ணும் ஆகல.

ஆறு ஜாக்கெட்டத் துடைச்சு, கோட்ட அழிச்சு, பிரிச்சுத் தெச்சுக் குடுத்தேன். ஏழாவத மட்டும் அழிக்க முடியலீங்க. மிசின் எண்ண பட்டுருச்சு, வேற துணில தெச்சுத் தர்றேன்னு பொய் சொல்லி வெச்சுக்கிட்டேன். அதுதான் இந்தப் பைல இருக்கறது.

கல்யாணம் நல்லா நடந்துச்சு. மாப்பள நல்ல பையன், பீளமேட்டுல கம்பெனி வேலை. மூணாவது மாசம் அவனே தழும்பப் பாத்துக் கேட்டிருக்கறான், இவ எல்லாத்தையும் சொல்லியிருக்கறா. அவன் திட்டல. "ஏன் என்கிட்டக் கேக்கல?"ன்னு மட்டும் கேட்டானாம். இப்ப ஏழு மாசமா முழுகாம இருக்கறா. வாரத்துக்கு ஒருக்கா போன் பண்ணுவா. "பால் வருமாக்கா?"ம்பா. "வரும் கண்ணு"ம்பேன், என்னமோ நான்தான் டாக்டரு மாதிரி. அப்பறம் கடைசியா ஒண்ணு கேப்பா. "நான் அப்ப பண்ணுனது சரிதானக்கா? அவங்களுக்கெல்லாம் அந்த அளவு தெரிஞ்சுருச்சுன்னுதான பண்ணுனேன்?" டாக்டரம்மாகிட்டக் கேக்க முடியாத கேள்வி அது ஒண்ணுதான். அத எங்கிட்டக் கேக்கறா. ஒவ்வொரு தடவையும், "சரிதான் கண்ணு"ன்னு சொல்லிப் போன வெச்சர்றேன்.

சொல்லிரலாமில்லீங்க? கோட்டக் காட்டி, நாந்தாண்டி எல்லாத்துக்கும் காரணம்னு சொல்லிரலாம். வயித்துப் புள்ளக்காரிகிட்டப் போயி இப்பச் சொல்றதான்னும் இருக்குது. போன தடவ மசக்கைன்னு சொல்லல. அதுக்கு மொத தடவ மாமியாக்காரம்மா இருந்தாங்கன்னு சொல்லல. இன்னிக்கு ஊட்டுல யாரும் இல்லியாம். இன்னிக்குச் சொல்லிருவேன். பெத்ததுக்கப்பறம் போடற ஜாக்கெட்டுக்கு முன்னால ஹூக் வெச்சுத் தெச்சுத் தாங்கன்னு அளவு குடுக்கத்தான் கூப்பிட்டிருக்கறா. டேப்பு கொண்டாந்திருக்கறேன். இப்பெல்லாம் நான் நெம்பரச் சத்தமாச் சொல்றதில்லீங்க, நானே எழுதிக்கறேன்.

ஹோப்ஸ் வந்துருச்சுங்களா? அதுக்குள்ளயா?

அதா, அதா நிக்கறா பாருங்க, பச்சப் பொடவை. வெய்யில்ல எதுக்கு வந்து நிக்கறா இவ, ஊட்டுக்கு வர வழி எனக்குத் தெரியாதா? கையாட்டறா பாருங்க. போட்டிருக்கறது நான் தெச்சதுங்க. தோள்ல ஒரு சுருக்கம் இருக்குதா பாருங்க. இருக்காது.

ஏனுங்க, இந்தாங்க. இந்தப் பைய நீங்க வெச்சுக்கங்க. இல்லீங்க, காசெல்லாம் ஒண்ணும் வேண்டாம். போட்டுப் பாத்ததோட சரி, புது ஜாக்கெட்டு, அரக்குக் கலரு, எந்தப் பொடவைக்கும் சேரும். நீங்க முப்பதுதானுங்களே? ஏறுனப்பவே பாத்துட்டேன். உள்பக்கம் திருப்புனீங்கன்னா சாக்பீஸ்ல கோடு இருக்கும். அது மேலயே ஒரு தையல் ஓட்டிட்டாச் சரியா இருக்கும்.

கண்டக்டரே, நிறுத்துங்க, எறங்கோணும்! வந்துட்டேன் கண்ணு, வந்துட்டேன்.